கிணற்றடியில் மீற்றரும் நாக்கும்

கிணற்றுத் தண்ணீர் பார்க்கப் போகிற வீடுகளில் இப்போது முதலில் வருகிற கேள்வி, "தம்பி, மிசின் கொண்டு வந்தனீங்களோ?" என்பதுதான். தண்ணீரின் உப்பை அளக்கும் மீற்றரைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். கொண்டுதான் போவேன். ஆனால் அதைப் பையிலிருந்து எடுக்க முன்னம் நானும் ஒன்று கேட்பேன்: கடைசியாக எப்போது இறைத்தீர்கள், எவ்வளவு நேரம்?

யாழ்ப்பாணத்தில் சுண்ணக்கல்லுக்குள் நிற்கும் நல்ல தண்ணீர், அடியில் உள்ள உவர்நீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. மேலே கொஞ்சம் இறங்கினாலே அடியில் உவர் ஏறத் தொடங்கிவிடும். நிலாவரைக் கிணற்றைப் பாருங்கள்: மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு. ஆகவே மீற்றரை மேல்தண்ணீரில் தோய்த்து எடுத்தால் அழகான எண்தான் வரும். நான் கல் கட்டிய போத்தலைத் தக்கையால் அடைத்து இறக்குவேன். அடிக்குப் போனதும் தக்கையில் கட்டிய நூலை வெடுக்கென்று இழுத்தால், அந்த ஆழத்துத் தண்ணீரே நிறையும். இதற்கு மிசின் வேண்டாம், கைப்பழக்கம் போதும்.

"மத்தியானம் தாண்டி இறைச்சா சவர் தட்டும்" என்று ஒரு தோட்டக்காரர் சொன்னால், ஒற்றை அளவீட்டைவிட அதைத்தான் பெரிதாக எடுப்பேன். புதுக் கிணற்றுக்கு இடம் பார்க்க நிலத்துக்குள் மின்சாரம் செலுத்தும் முறையும் அப்படித்தான். களியும் மின்சாரத்தைக் கடத்தும், உப்புத்தண்ணீரும் கடத்தும். வரைபில் இரண்டும் ஒரே சாடை. பக்கத்து வளவில் கிணறு வெட்டியவரை விசாரித்தால்தான் தெளியும்.

சரி, நாக்கே போதுமா? போதாது. நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை, ருசியுமில்லை. வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களில் போடும் யூரியாவும், மலசலகூடக் குழியின் கசிவும் நைத்திரேற்றாக மாறி, சுண்ணக்கல் வெடிப்பு வழியே கிணற்றுக்கு வருகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லீற்றருக்கு 50 மில்லிகிராம். "பாட்டன் காலத்துக் கிணறு, ஒண்டும் செய்யாது" என்ற பேச்சு இங்கே எடுபடாது. பாட்டன் யூரியா மூட்டை இறக்கவில்லையே.

பலர் கொதிக்கவைத்தால் சரி என்று நினைக்கிறார்கள். கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் காவும் திறன் குறைந்து, உடல் நீலம் பாரிக்கலாம்.

உப்பைக் கோடை முடிவிலும், நைத்திரேற்றை மாரி மழைக்குப் பின்னும் பாருங்கள். கைக்குழந்தை உள்ள வீடென்றால் நிறம் மாறும் சோதனைப் பட்டியோடு நிற்காமல், சுத்தமான போத்தலில் தண்ணீர் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, அன்றைக்கே ஆய்வுகூடத்தில் கொடுத்துவிடுங்கள்.