கம்பேரேட்டர்: ஒப்பளவியா, ஒப்புநோக்கியா?

அளவு தெரிந்த ஒன்றோடு இன்னொன்றை வைத்துப் பார்த்து, எவ்வளவு கூட, எவ்வளவு குறைச்சல் என்று மட்டும் காட்டுவது கம்பேரேட்டர். லத்தீனில் 'கொம்' என்றால் சேர்ந்து, 'பார்' என்றால் சமம். இரண்டும் கூடிய வினையிலிருந்து வந்த சொல்.

ராணிப்பேட்டை சிப்காட் பக்கத்துப் பட்டறைகளில் கம்பேரேட்டர் என்றால் ஸ்டாண்டில் மாட்டிய டயல் கேஜ்தான்; முனை மேலே கீழே அசைவதை வட்ட முகப்பில் முள்ளால் காட்டும் கருவி அது. சர்ஃபேஸ் பிளேட் என்ற மட்டமான தளத்தைத் துடைத்து, வேண்டிய அளவுக்கு ஸ்லிப் கேஜை (துல்லியமான தடிமன் கொண்ட எஃகுக் கட்டைகளை) அடுக்கி முனைக்குக் கீழே வைக்க வேண்டும். முள் ஒரு சுற்று ஓடும்வரை டயலை இறக்கிப் பூட்டி, அப்புறம்தான் முகப்பைத் திருப்பிச் சுழியத்தை முள்ளுக்கு நேரே கொண்டுவர வேண்டும். அந்த ஒரு சுற்று அழுத்தம் இல்லாவிட்டால், அளவு குறைந்த ஜாப் (அளக்க வேண்டிய பொருள்) வரும்போது முனை அதைத் தொடாமலே நிற்கும், முள்ளும் அசையாது. உருளையான ஜாப் என்றால் முனைக்கடியில் மெல்ல உருட்டி, முள் ஏறிய உச்சத்தை எடுக்க வேண்டும்.

நீளம் அளப்பதற்கு உலகெங்கும் வைத்திருக்கும் வெப்பநிலை 20 டிகிரி. மே மாத வேலூரில் பட்டறைக்குள்ளேயே 40 டிகிரி. 100 மி.மீ. எஃகு அதில் 0.023 மி.மீ. நீளும். ஸ்லிப் கேஜும் எஃகு, அதுவும் அதே அளவு நீளும் என்பதால் ஒப்பிடும்போது பிழை கழிந்துவிடும். அலுமினிய ஜாப் அப்படியல்ல: அது 0.046 நீளும், பாதிதான் கழியும். கிரைண்டிங்கிலிருந்து சுடச்சுட எடுத்த எஃகிலும் இந்தச் சலுகை கிடைக்காது. ஜாப், ஸ்லிப் கேஜ் இரண்டையும் ஒரே பிளேட்டில் ஆறவிட வேண்டும்.

தோல் ஷாப்பிலும் ஒப்பீடு உண்டு. பிக்கிள் செய்த (உப்பும் அமிலமும் கலந்த நீரில் ஊறிய) தோலை வெட்டி, வெட்டுமுகத்தில் அமிலத்துக்கு ஏற்ப நிறம் மாறும் புரோமோகிரசால் கிரீன் சொட்டு விட்டு நிறம் பார்ப்பார்கள். முழுக்க மஞ்சள் என்றால் பிஎச் 3.8க்குக் கீழே. நடுவில் பச்சையோ நீலமோ தெரிந்தால் அமிலம் உள்ளே இறங்கவில்லை, குரோம் உப்பில் பதனிடும் கட்டத்துக்குப் போகக் கூடாது.

தமிழில் 'ஒப்பளவி', 'ஒப்பீட்டுமானி' என்று வைக்கலாம்தான். ஆனால் 'அளவி', 'மானி' என்றதும் முழு அளவையும் தானே சொல்லும் கருவி என்று தோன்றிவிடும். டயலுக்கு 25 மி.மீ. என்பதே தெரியாது; ஸ்லிப் கேஜ் தேய்ந்திருந்தால் தேய்ந்ததையே சுழியம் என்று காட்டும். மூலத்தோடு படியை வைத்துச் சரிபார்ப்பதை ஒப்புநோக்குதல் என்கிறோமே, அந்த வினையிலிருந்து 'ஒப்புநோக்கி' என்பதே பொருந்தும். ஸ்டெபிலைசருக்குள் இரண்டு மின்னழுத்தத்தில் எது கூட என்று மட்டும் சொல்லும் சிப்புக்கும் இதே பெயர் போதும்: மின்னழுத்த ஒப்புநோக்கி.