டீசல் எஞ்சினுக்கு அந்தப் போத்தல் தேவையா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களின் இரவுச் சந்தையில் இந்த வித்தையைப் பார்த்திருப்பீர்கள். மோட்டாரில் ஓர் இரும்பு வளையம் சுழலும். விற்பவர் நெம்புகோலால் அதன் மேல் ஒரு சிறு உருளையை அழுத்துவார். சாதாரண எஞ்சின் எண்ணெயில் சில நொடிகளில் கிறீச்சென்று கத்தி மோட்டார் நின்றுவிடும். எஞ்சின் எண்ணெயில் இதைக் கலந்தால் உராய்வு குறைந்து டீசல் மிச்சமாகும் என்று சொல்லி, கையிலுள்ள போத்தலிலிருந்து கொஞ்சம் ஊற்றுவார். அப்புறம் எவ்வளவு அழுத்தினாலும் வளையம் சுழன்றுகொண்டே இருக்கும். செம்பனைக் குலை ஏற்றும் லோரிக்காரர்கள் நின்று பார்ப்பார்கள், சிலர் வாங்கியும் போவார்கள்.

வாங்குவதில் நியாயம் இல்லாமல் இல்லை. 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் ஒரே நாளில் லிட்டருக்கு 2.15 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 3.35 வெள்ளிக்கு ஏறியது. டீசல் மிச்சமாகும் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் டீசல் எஞ்சினுக்கு அந்தப் போத்தல் வீண் செலவு என்பதே என் கருத்து.

அந்தச் செய்முறை பொய்யில்லை. வளையமும் உருளையும் தொடும் இடம் மிகச் சிறியது. அங்கே அழுத்தமும் சூடும் கடுமையாக ஏறும். இத்தகைய கலவைகள் பலவற்றில் குளோரின் சேர்மங்கள் உண்டு. அவை சூட்டில் இரும்போடு வினைபுரிந்து மெல்லிய பூச்சாகப் படிந்து, ஒட்டிப் பிடிப்பதைத் தடுக்கும். ஆனால் உங்கள் எஞ்சினில் சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங் அப்படி வேலை செய்வதில்லை. கிராங்க் ஷாஃப்ட் என்ற அந்தத் தண்டு சுழலும்போது எண்ணெயை இடுக்குக்குள் இழுத்துக்கொள்ளும். சில மைக்ரான் தடிப்புள்ள எண்ணெய்ப் படலம் தண்டையே தூக்கி நிறுத்தும். மழையில் வேகமாகப் போகும் டயர் தண்ணீர் மேல் ஏறி வழுக்குமே, அதே சங்கதி. உலோகம் உலோகத்தைத் தொடாத இடத்தில் உலோகத்தின் மேல் பூச்சு பூசி என்ன பயன்? அங்கே உராய்வு வருவது எண்ணெயின் பிசுபிசுப்பிலிருந்துதான். வேகம், பாரம், பிசுபிசுப்பு மூன்றும் உராய்வை எப்படி மாற்றுகின்றன என்பதை ஜெர்மானியப் பொறியாளர் ரிச்சர்ட் ஸ்ட்ரிபெக் 1902லேயே அளந்து காட்டிவிட்டார்.

தொடும் இடமும் உண்டு. பிஸ்டன் உச்சிக்குப் போய்த் திரும்பும் அந்தக் கணத்தில் அதன் வேகம் பூஜ்யம். படலத்தைத் தாங்க வேகம் இல்லை. எரியும் வாயுவோ பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கைச் சிலிண்டர் சுவரோடு அழுத்துகிறது. வால்வைத் தள்ளும் கேமிலும் இப்படித்தான். நல்ல எண்ணெய் தயாரிப்பவர் இந்த இடங்களுக்காகவே துத்தநாகமும் பாஸ்பரஸும் கந்தகமும் கொண்ட இசட்டிடிபி (ZDDP) என்ற சேர்மத்தை முன்கூட்டியே கலந்திருப்பார். நீங்கள் ஊற்றும் புதுச் சரக்கு அதே உலோகப் பரப்பில் இடம் பிடிக்க அதனோடு போட்டி போடும்.

இன்னொரு வகைப் போத்தலில் மாலிப்டினம் என்ற உலோகத்தின் சேர்மங்கள் இருக்கும். அவை உண்மையிலேயே உராய்வைக் குறைக்கும். சூட்டிலும் அழுத்தத்திலும் அவை மாலிப்டினம் டைசல்ஃபைடு தாள்களாகப் படிந்து ஒன்றன்மேல் ஒன்று நழுவும். ஆனால் டீசல் எஞ்சினில் இடைஞ்சல் செய்வது கரி. எண்ணெய் மாற்றிய சில நாளிலேயே கறுத்துப்போவதைப் பார்க்கிறோமே, அந்தக் கரித்துகள் அந்தத் தாள்களைச் சுரண்டுகிறது, சேர்மங்களையும் தன்மேல் ஒட்டிக்கொள்கிறது. பெட்ரோல் எஞ்சினில் கண்ட பலன் இங்கே பாதியிலேயே நின்றுவிடும்.

கணக்கும் போட்டுப் பார்ப்போம். நல்ல பாரத்தில் ஓடும் லோரியில் 100 வெள்ளி டீசலில் ஏறக்குறைய 40 வெள்ளி தண்டைச் சுழற்றுகிறது, 10 வெள்ளி உராய்வில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி புகைபோக்கியிலும் ரேடியேட்டரிலும் சூடாகப் போகிறது. அந்தப் பத்தில் உலோகம் தொடுவதால் வருவது இரண்டு வெள்ளி, அதில் கால்வாசியைப் போத்தல் குறைக்கிறது என்றாலும் அது அரை வெள்ளி. தண்டுக்கும் உராய்வுக்கும் சேர்த்து எஞ்சின் செய்யும் 50 வெள்ளி வேலையில் அரை வெள்ளி என்றால், டீசலில் மிச்சம் சுமார் ஒரு விழுக்காடுதான். டயரில் காற்று குறைந்தாலோ, ஓட்டுநர் கொஞ்சம் அவசரப்பட்டாலோ அதைவிட அதிகம் மாறிவிடும். போத்தலை ஊற்றும் அன்றே எண்ணெயையும் மாற்றி, கவனமாகவும் ஓட்டிவிட்டு, வந்த பலனை எல்லாரும் போத்தல் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

குளோரின் வகை கெடுதலும் செய்யும். எரிப்பில் உண்டாகும் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகிப் பேரிங்கை அரிக்கும். டெஃப்லான் கலந்த ஸ்லிக் 50 என்ற போத்தல் சரக்கின் மீது அமெரிக்கக் கூட்டரசு வாணிப ஆணையம் நடவடிக்கை எடுத்து, 1997இல் அதன் ஆதாரமற்ற விளம்பரக் கூற்றுகளுக்குத் தடை வந்தது. தோட்டத்து டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: எண்ணெய்க்குள்ளேயே இயங்கும் பிரேக் உள்ள வண்டியின் பின் கியர்பெட்டியில் இந்தச் சரக்கை ஊற்றவே கூடாது. அங்கே உராய்வுதான் வண்டியை நிறுத்துகிறது.

எரிபொருள் டாங்கியில் ஊற்றும் வழவழப்புப் போத்தலும் விற்கிறார்கள். கந்தகத்தை நீக்கும்போது டீசலின் இயற்கையான வழவழப்பு குறைவது உண்மை. நம் பம்பில் வரும் டீசலிலோ செம்பனை எண்ணெயிலிருந்து செய்த பயோடீசல் ஏற்கெனவே கலந்திருக்கிறது. கொஞ்சம் கலந்தாலே அந்தக் குறை தீர்ந்துவிடும்.

சரி, அந்தக் காசை எங்கே போடலாம்? கையேட்டில் சொன்ன பிசுபிசுப்பும், சிஐ-4 (CI-4) அல்லது சிகே-4 (CK-4) என்ற டீசல் எஞ்சின் எண்ணெய்த் தரக்குறியும் டின்னில் இருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் ஓடிய மணி கணக்குப்படி எண்ணெயை மாற்றுங்கள். லட்டரைட் என்ற செம்மண் சாலையில் ஓடும் வண்டி என்றால் ஏர் ஃபில்டரையும் அதன் ரப்பர் வாஷரையும் அடிக்கடி கழற்றிப் பாருங்கள். வாஷர் வெடித்திருந்தால் தூசியிலுள்ள குவார்ட்ஸ் துகள் நேராகச் சிலிண்டருக்குள் போகும். அது ரிங்கின் இரும்பைவிடக் கடினமானது.