அப்பாவின் வேலையும் பாப்பாவின் எடையும்

அப்பாவுக்கு வேலை போனால் வயிற்றில் இருக்கும் குழந்தையைப் பாதிக்குமா என்று வாசகி ஒருவர் கேட்டிருந்தார். பாதிக்கலாம். அமெரிக்கக் குடும்பங்களின் பல்லாண்டுத் தரவுகளை அலசிப் பொருளியலாளர் ஜேசன் லிண்டோ 2011-இல் வெளியிட்ட ஆய்வில், கணவர் வேலையிழந்த பிறகு பிறந்த குழந்தைகளின் எடை சுமார் 4.5 சதவீதம் குறைந்திருந்தது. மூன்று கிலோ குழந்தைக்கு அது 135 கிராம்.

கையில் காசில்லை என்றால் சாப்பாடு சுருங்கும், செக்கப் தள்ளிப்போகும். சரி, இது தெரிந்ததுதான். தாயின் கவலை குழந்தையை எப்படி எட்டுகிறது என்பதுதான் அதிசயம்.

மனம் பதறும்போது நம் அட்ரினல் சுரப்பி கார்ட்டிசோல் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. கர்ப்பிணியின் ரத்தத்தில் அது ஏற்கெனவே ஏராளம். கருவின் ரத்தத்திலோ பல மடங்கு குறைவு. காரணம், நஞ்சுக்கொடியில் காவலுக்கு நிற்கும் '11 பீட்டா எச்எஸ்டி 2' என்ற நொதி. கார்ட்டிசோல் கடந்துபோகும்போது, அதன் 11-ஆவது கார்பன் பக்கமிருந்து இரண்டே இரண்டு ஹைட்ரஜன் அணுக்களைக் கழற்றிவிடுகிறது. அவ்வளவுதான், அது கார்ட்டிசோனாக மாறிவிடும். செல்களின் ஏற்பிகளில் ஒட்டாது, அதனால் வேலையும் செய்யாது. எவ்வளவு நேர்த்தியான வேலை! தப்பிப்போகும் கார்ட்டிசோல் அதிகமானால், வளர வேண்டிய உறுப்புகள் அவசரமாக முதிரத் தொடங்கும், எடை குறையும்.

எலிகளில் சோதித்தபோது, தாய்க்குப் புரதம் குறைந்தாலும் இந்த நொதி தளர்ந்தது. நாள்பட்ட மன அழுத்தம் தந்தாலும் தளர்ந்தது. பசியும் கவலையும் ஒரே இடத்தில்தான் அடிக்கின்றன! நம் வீட்டு அதிமதுரத்தில் உள்ள கிளைசிரைசின்கூட இதே நொதியை முடக்கும். அதிமதுர மிட்டாய் அதிகம் தின்னும் பின்லாந்துக் கர்ப்பிணிகளுக்குப் பிரசவம் முந்துவது அதிகம் என்று ஆய்வு உண்டு. ஆகவே, 'நாட்டு மருந்துதானே' என்று கர்ப்பிணிகள் அதைக் கஷாயமாகக் குடிக்க வேண்டாம்.

அப்புறம், உதவித்தொகை. வேலையிழந்தவருக்கு வாராவாரம் பணம் வந்தால் பசி, கவலை இரண்டுமே தணிய வழியுண்டு. அமெரிக்காவில் தொகையை மாநிலங்கள்தான் தீர்மானிக்கின்றன: மிசிசிப்பியில் உச்சவரம்பே வாரம் 235 டாலர், மாசசூசெட்சில் ஆயிரத்துக்கும் மேல். இந்த ஏற்ற இறக்கங்களைப் பிறப்புப் பதிவுகளோடு ஒப்பிட்டதில், தொகை தாராளமாகும்போது பிறப்பு எடையும் சற்றே கூடுவது தெரிந்தது. சிறிய மாற்றம்தான். ஆனால் 2500 கிராமுக்குக் கீழே போனால் எடைக்குறைவு என்று கணக்கு. அந்த எல்லையில் நிற்கும் குழந்தைக்குச் சில கிராம்கூடப் பெரிது. உதவித்தொகையை வீண்செலவு என்பவர்கள் இன்குபேட்டர் செலவையும் கூட்டிப் பார்த்துவிட்டுப் பேச வேண்டும்.