கார்மேல் கன்னியர் செய்வது "ஆழ்நிலைத் தியானம்" அல்ல

கத்தோலிக்கத் துறவிகளான கார்மேல் மடத்துக் கன்னியரைப் பற்றித் தமிழில் எது வந்தாலும் "ஆழ்நிலைத் தியான சபை" என்ற தொடர் கூடவே வந்துவிடுகிறது. அவர்கள் வாழ்வைக் குறிக்கும் கான்டெம்ப்ளேட்டிவ் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இதுதான் தமிழ் என்று எப்படியோ முடிவாகிவிட்டது. இதை நான் ஏற்கவில்லை.

மூலம் இலத்தீன். பறவைகளைப் பார்த்துக் குறி சொன்ன உரோமையர் அதற்காக வகுத்துக்கொண்ட எல்லைக்கு டெம்ப்ளும் என்று பெயர், கான்டெம்ப்ளேஷனுக்கு வேர் அதுவே. ஆக, அடிப்படைப் பொருள் கண் எடுக்காமல் பார்ப்பது. இதில் "ஆழ்நிலை" எங்கிருந்து வந்தது?

தமிழில் ஆழ்நிலைத் தியானம் என்றால் மகேஷ் யோகி பரப்பிய மந்திரப் பயிற்சி. அந்தப் பெயர் ஏற்கெனவே அதற்குப் போய்விட்டது. தெரியாதவர் படித்தால் கன்னியர் மடத்திலும் அதையே செய்கிறார்கள் என்றுதான் நினைப்பார், அவரைக் குறை சொல்ல முடியாது.

அதைவிடப் பெரிய கோளாறு "தியானம்". 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் குய்கோ என்ற துறவி செபத்துக்கு நான்கு படிகள் சொன்னார்: வாசிப்பு, தியானம், மன்றாட்டு, அதற்கும் மேலே கான்டெம்ப்ளேஷன். இரண்டாம் படியின் பெயரையே நான்காம் படிக்கும் வைத்துவிட்டு, முன்னால் ஓர் அடைமொழியை ஒட்டினால் சரியாகிவிடுமா? கார்மேல் சபையைச் சீர்திருத்திய ஸ்பெயின் நாட்டுப் புனிதர் அவிலா தெரேசா இந்த வேறுபாட்டைத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுவதாக விளக்குகிறார். கிணற்றில் வாளி வாளியாக இறைப்பது தொடக்கச் செபம், அது நம் உழைப்பு. கடைசியில் மழையே பெய்துவிடுகிறது, அங்கே நமக்கு வேலையில்லை. மொழிபெயர்ப்பாளர்கள் வாளியையும் மழையையும் ஒரே சொல்லில் அடைக்கிறார்கள். அகராதியைப் புரட்டுகிறார்கள், அந்தப் பெண்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று பார்ப்பதில்லை.

1562இல் அவிலாவில் தெரேசா தொடங்கிய புனித யோசேப்பு மடத்தைப் பாருங்கள். 13 பேர் போதும் என்றுதான் ஆரம்பித்தார். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் மௌன செபம். மற்ற நேரம் திருப்புகழ்மாலை என்ற கூட்டுச் செபம், நூற்பு, தையல், சமையல், சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரும் கூடிச் சிரித்துப் பேசுவது. சமையலறையில் சட்டி பானைகளுக்கு நடுவிலும் ஆண்டவர் நடமாடுகிறார் என்று சகோதரிகளுக்குச் சொன்னவர் அவர். இந்த முழு வாழ்வும்தான் கான்டெம்ப்ளேட்டிவ். அதை உட்கார்ந்து செய்யும் ஒரு பயிற்சியின் பெயரால் அழைப்பது அநியாயம்.

"காட்சி" என்று சிலர் எழுதுகிறார்கள். அது மாதா காட்சி கொடுத்தார் என்பதில் வரும் காட்சியோடு குழம்பும். சைவர்களின் "நிட்டை" பொருளில் மிக நெருங்கிய சொல், கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை கூடல் என்ற வரிசை குய்கோவின் படிகளைப் பார்ப்பது போலவே இருக்கிறது. ஆனால் இன்று மாதா கோயிலில் பூசை கேட்கும் ஒரு பாட்டிக்கு அது புரியாது.

நான் சொல்வது "இறைநோக்கு". பிரான்சின் ஆர்ஸ் ஊரில் ஒரு விவசாயி, இயேசுவே இருப்பதாக நம்பும் நற்கருணை அப்பத்தின் முன் உட்கார்ந்து என்ன செய்கிறாய் என்று பங்குத்தந்தை கேட்டதற்கு, "நான் அவரைப் பார்க்கிறேன், அவர் என்னைப் பார்க்கிறார்" என்றாராம். இரு பக்கமும் பார்க்கும் அந்தப் பார்வைக்குத் தமிழில் நோக்கு என்றே பெயர், நம் காதல் பாடல்கள் முழுக்க அதுதான். நோக்கம் என்று தவறாகப் புரிந்துகொள்வார்களே என்கிறார்கள். "இறைநோக்குக் கன்னியர்", "இறைநோக்கு மடம்" என்று எழுதிப் பாருங்கள், யாரும் குழம்ப மாட்டார்கள்.