வடிவம் போர்ஷ், புத்தகம் பீட்டில்

போன ஆவணியில் ஒரு தம்பி கராஜுக்கு வந்து போனை நீட்டினான். வெள்ளி நிறம், கூரை இல்லை, தரையோடு தரையாகப் பதிந்த ஒரு கார். “அண்ணை, போர்ஷ் ஸ்பீட்ஸ்டர். 55 லட்சம் சொல்றாங்கள். கலியாண ஹயருக்கு விட்டா ரெண்டு வருசத்தில போட்ட காசு வந்திடும்” என்றான். காசு போடப்போவது சுவிஸில் இருக்கிற மூத்த தமையன். கிளிநொச்சிப் பக்கம் இப்படி ஒரு காரில் மாப்பிள்ளை பொம்பிளை வந்து இறங்கினால் படம் நன்றாகத்தான் வரும்.

“புத்தகத்தில என்ன கிடக்கு?” என்று கேட்டேன். அந்த வாகனப் பதிவுப் புத்தகத்தையும் அவன் படம் எடுத்து வைத்திருந்தான். வொக்ஸ்வாகன், 1965, வெள்ளை.

அது போர்ஷ் இல்லை. போர்ஷ் 356 ஸ்பீட்ஸ்டர் 1954 தொடக்கம் 1958 வரை மட்டும் வந்த கார். உண்மையான ஒன்று இன்று வெளிநாட்டு ஏலங்களில் சில லட்சம் டொலருக்குப் போகிறது. தம்பியின் போனில் இருந்தது, நாங்கள் ஆமைக்கார் என்று சொல்கிற பீட்டிலின் உடம்பைக் கழற்றிவிட்டு, அதே செசியின் (அடிச்சட்டத்தின்) மேல், கண்ணாடி நாரும் பிசினும் சேர்த்துச் செய்த பைபர் உடம்பு ஏற்றிய நகல். வேலைக்காரர்களுக்கு இந்த வழி சுலபம். இரண்டிலும் எஞ்சின் பின்னுக்கு, இரண்டும் காற்றால் குளிரும் எஞ்சின். பழைய எம்.ஜி. காரின் நகல்களும் இப்படி பீட்டில் மேல் வந்திருக்கின்றன. அவற்றில் முன்னுக்குப் பெரிய ரேடியேற்றர் முகம் இருக்கும், பொனெட்டைத் திறந்தால் எஞ்சினே இருக்காது.

நகல் என்றால் எனக்கு இளக்காரம் கிடையாது. தொண்ணூறுகளில் வன்னிக்குள் பெற்றோல் வராத காலத்தில் வேலை பழகியவன் நான். கார்பரேற்றருக்குள் நாலு சொட்டு பெற்றோல் விட்டு ஸ்டார்ட் எடுத்து, சூடு பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிப் பழைய ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் கார்களை ஓடவிட்டோம். கிடைத்ததை வைத்துக் கட்டிய வண்டியை நாங்கள் கீழாகப் பார்க்க முடியாது. நகலை நகல் என்று சொல்லி, நகலின் விலைக்கு விற்றால் அது நேர்மையான வியாபாரம். ஆனால் அந்த 55 லட்சத்தில் பெரும் பங்கு போர்ஷ் என்ற பெயருக்கு. வாங்குகிறவனுக்குக் கிடைப்பதோ அறுபது வருசத்து பீட்டில் செசியும் ஒரு புத்தகமும். மேலே இருப்பதைப் பிறகும் பூசலாம், மினுக்கலாம்.

சரி, போய்ப் பார்த்தோம். கொழும்புக்கு வெளியே ஒரு வீட்டுக் கராஜ். சாமான் பையில் ரோச் லைட், காந்தம், சுரண்டி, கொஞ்சம் தின்னர், தரையில் விரிக்க ஒரு யூரியா பை.

காந்தம் முதலில். கதவில் வைத்தேன், நிற்கவில்லை. உண்மையான ஸ்பீட்ஸ்டரின் கதவு இரும்புத் தகடு. யாராவது ஒரிஜினல் என்று சத்தியம் பண்ணினால் நீங்கள் வாதாடத் தேவையில்லை, காந்தம் சொல்லும். ஓரிடத்தில் ஒட்டவில்லை என்பதற்காகத் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள், பட்டி நிரப்பிய இடத்திலும் ஒட்டாது. நாலைந்து இடம் வைத்துப் பாருங்கள்.

பைபரைப் பார்க்கிற வித்தையை நான் முல்லைத்தீவுக் கரையில் பழகினேன், படகு திருத்துகிற ஒருவரிடம். விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல இடம் ‘டக்’ என்று இறுகிச் சொல்லும். உள்ளே அடுக்கு விட்டுப்போன இடம் ‘தொப்’ என்று செத்த சத்தம் தரும். இந்தக் காரில் கதவுப் பிணைச்சலுக்குக் கீழே சத்தம் செத்திருந்தது. வெளிச்சத்தைச் சரித்துப் பிடித்தால் பெயின்றுக்கு அடியில் நட்சத்திரம் மாதிரி மெல்லிய வெடிப்பு. பைபர் துருப்பிடிக்காது என்று விற்கிறவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். உண்மைதான், அதைப் பிடித்துவைத்திருக்கிற இரும்பு துருப்பிடிக்குமே.

அப்புறம் கீழே படுத்தேன். பீட்டிலின் முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடையில் 2,400 மில்லிமீற்றர், ஸ்பீட்ஸ்டருக்கு 2,100. ஆகவே அளவு சரியாக வர வேண்டுமென்றால் செசியின் நடுவில் ஏறத்தாழ ஒரு அடியை வெட்டி எடுத்துவிட்டு மறுபடி ஒட்ட வேண்டும். காரின் முதுகெலும்பை அறுத்துப் பொருத்துகிற வேலை அது. நல்ல வெல்டர் செய்தால் பயமில்லை; உள்ளே தகடு கொடுத்து, இரண்டு பக்கமும் முழுசாக வெல்ட் ஓட்டியிருப்பான். நான் பார்த்ததில் அடிப்பக்கம் மட்டும் வெல்ட் இருந்தது, அதுவும் விட்டுவிட்டுப் புள்ளி புள்ளியாக. மேலே தார் பூசி மூடியிருந்தார்கள். சுரண்டியால் மெல்லக் குத்தினேன், நுனி உள்ளே போனது. தம்பியைக் கூப்பிட்டு அந்த ஓட்டையில் அவனுடைய விரலையே வைக்கச் சொன்னேன். அதற்குப் பிறகு அவன் மேலே மினுங்கின வெள்ளியைப் பார்க்கவேயில்லை.

பீட்டிலின் செசி நம்பர் நடுத் தண்டின் மேல், பின் சீற்றுக்கு அடியில் குத்தப்பட்டிருக்கும். இந்த நகலில் பின் சீற் இல்லை, கம்பளம்தான். அதைத் தூக்கினால் அங்கேயும் புதுத் தார். தின்னர் போட்டுத் துடைத்தேன். நம்பர் வந்தது, புத்தகத்தில் உள்ளதுதான். ஆனால் ஒரு இலக்கம் மற்றவற்றை விட ஆழமாக, கொஞ்சம் சாய்ந்து நின்றது. கள்ளம் என்று என் வாயால் சொல்ல மாட்டேன். சந்தேகம் என்று சொல்லலாம், காசு கொடுக்காமல் விட அது போதும். வன்னியில் இருக்கிற நாங்கள் இதில் ஏமாறக் கூடாதவர்கள். 2009-க்குப் பிறகு முள்ளிவாய்க்கால் பக்கம் குவிந்து கிடந்த வாகனங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். புத்தகம் ஓரிடம், வண்டி ஓரிடம் என்று ஆனபிறகு எத்தனை பேர் அலைந்தார்கள்.

புத்தகத்தில் வெள்ளை, கண்முன் வெள்ளி. புத்தகத்தில் மூடின கார், கண்முன் திறந்த கார். நிறமோ உடம்போ மாறினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் சொல்லிப் பதிவில் ஏற்ற வேண்டும். விற்கிறவருக்கு அதில் அக்கறையில்லை, “ஓப்பன் பேப்பர் தாறன், நீங்கள் பிறகு செய்யுங்கோ” என்றார். வாங்குகிறவர் பெயர் எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்டுத் தருகிற மாற்றப் பத்திரம்தான் ஓப்பன் பேப்பர். யாருடைய பெயரில் இருக்கிறது, லீசிங் கம்பனிப் பெயர் ஏதும் ஏறியிருக்கிறதா என்று பார்க்காமல் ஓப்பன் பேப்பரில் எந்த வண்டியும் வாங்காதீர்கள். நகல் காரை அப்படி வாங்கவே வாங்காதீர்கள், ஏனென்றால் பரிசோதனைக்குக் கொண்டுபோகிற நாளில் பதில் சொல்லப்போவது நீங்கள்.

இன்சூரன்ஸ் விசயத்தில்தான் ஆட்கள் அதிகம் விழுகிறார்கள். விண்ணப்பத்தில் போர்ஷ் என்று எழுதினால் பொய், பீட்டில் என்று மட்டும் எழுதினால் பாதி உண்மை. இரண்டில் எதை எழுதினாலும் விபத்து நடந்த அன்று கம்பனி கையை விரிக்க இடமுண்டு. ‘வொக்ஸ்வாகன் செசியில் கட்டிய பைபர் நகல்’ என்று எழுத்தில் கொடுத்து, படமும் வைத்து, பெறுமதியை அவர்களுடைய ஆளைக் கொண்டே போடுவியுங்கள். கலியாணத்துக்கு விடப்போகிறீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள். சொந்தப் பாவனைக்கு எடுத்த இன்சூரன்ஸ் ஹயர் ஓட்டத்துக்குப் பொதுவாகச் செல்லாது.

கலியாண ஓட்டம் என்பதே இந்தக் காருக்குக் கஷ்டமான ஓட்டம். மேளக்காரருக்குப் பின்னால் நடைவேகத்தில் ஊர வேண்டும். எஞ்சின் அறையைச் சுற்றி ரப்பரும் தகடும் ஒழுங்காக இருந்தால்தான் கீழே போன சூட்டுக் காற்று திரும்ப மேலே ஏறாது. நகல் கட்டுகிறவர்கள் அந்த ரப்பரைத்தான் முதலில் விட்டுவிடுவார்கள். சித்திரை வெயிலில் மாங்குளத்திலிருந்து பரந்தன் வரை ஓடினாலே மூன்றாம் சிலிண்டரின் வால்வு பதில் சொல்லும். பெற்றோல் குழாய் வெடித்திருந்தால் இன்னும் மோசம், சூட்டு எஞ்சினில் சொட்டும், பிசினால் செய்த உடம்பு பற்றினால் அணைப்பது லேசில்லை. பெற்றோல் தாங்கி வேறு முன்னுக்கு, உங்கள் கால்களுக்கு அங்கால். சீற் பெல்ட் இருக்கிறதா என்றும் பாருங்கள், இந்தக் காரில் இல்லை.

சுவிஸ் தமையன் போனில் வந்து, “அப்ப நான் இங்க ஒண்டை வாங்கி அனுப்பவோ?” என்றார். 2020 மார்ச்சில் நிறுத்திய தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திறந்தது உண்மைதான். ஆனால் கார்களுக்கு வயதெல்லை இருக்கிறது, வரி இருக்கிறது. பழைய செசியில் கட்டியதை அனுப்பி இங்கே பதியலாம் என்று கனவு காண வேண்டாம் என்றேன்.

விற்க நின்றவர் மூன்று கிழமை கழித்து 12 லட்சம் குறைத்துக் கூப்பிட்டார். வெல்டைத் திருத்தி, நிறத்தையும் உடம்பையும் உங்கள் பெயரில் இருக்கும்போதே புத்தகத்தில் ஏற்றிவிட்டுக் கூப்பிடுங்கள், இந்த விலைக்கு யோசிக்கலாம் என்று சொல்லச் சொன்னேன். அதற்குப் பிறகு அழைப்பு இல்லை. தம்பி இப்போது உருத்திரபுரத்தில் ஒரு கேம்பிரிட்ஜ் பார்த்து வைத்திருக்கிறான். சனிக்கிழமை யூரியா பையோடு போக வேண்டும்.