ஒரே ‘வாய்ப்பு’, ஆங்கிலத்தில் இரண்டு வழி

வேலைக்கான விண்ணப்பக் கடிதங்களைத் திருத்திக் கொடுப்பது என் தொழில். எழுத்துப் பிழைகளைக் கணினியே சிவப்புக் கோடிட்டுக் காட்டிவிடுவதால் அவை இப்போது குறைந்துவிட்டன. குறையாமல் நிற்பது, ஓர் ஆங்கிலப் பெயர்ச்சொல்லை அடுத்து எந்த முன்னிடைச்சொல் (பள்ளியில் ‘ப்ரெபொசிஷன்’ என்று படித்தது) வரும், எங்கே ‘டு’ சேர்ந்த வினை வரும் என்ற தடுமாற்றம்தான்.

இதை அறியாமை என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. பெரும்பாலும் இது தமிழ்ப் பழக்கத்தின் வேலை. ‘மழை பெய்ய வாய்ப்பு உள்ளது’ என்கிறோம்; ‘வெளியூரில் படிக்க வாய்ப்புக் கிடைத்தது’ என்றும் சொல்கிறோம். இரண்டிலும் வாய்ப்பு ஒன்றே, அதற்கு முன் நிற்கும் எச்சமும் ஒரே வகை. ஆங்கிலமோ, ஒன்று நடக்கக்கூடும் என்னும் பொருளில் ‘சான்ஸ் ஆஃப் ரெய்ன்’ என்றும், ஒருவருக்குக் கிடைத்த தருணம் என்னும் பொருளில் ‘சான்ஸ் டு ஸ்டடி’ என்றும் பிரித்துவிடுகிறது. ‘பாசிபிலிட்டி’ முதல் பொருளுக்கே உரியது. ஆகவே அதன்பின் ‘ஆஃப்’ வரும், ‘பாசிபிலிட்டி டு கெட்’ என்பது பிழை. மாறாக, ‘எபிலிட்டி’க்குப் பின் ‘டு’ சேர்ந்த வினையே வர வேண்டும். ‘எபிலிட்டி ஆஃப் மேனேஜிங்’ என்று தொடங்கும் கடிதங்கள் வாரந்தோறும் என் மேசைக்கு வருகின்றன.

நம் ‘கு’ உருபும் இதில் பங்காளி. கொடை, பகை, நேர்ச்சி, தகவு, அதுவாதல், பொருட்டு, முறை என ஏழு பொருள்களை நன்னூல் அதற்குப் பெயர் சொல்லித் தருகிறது. அத்தனை சுமை தாங்கும் உருபுக்கு ஆங்கிலத்தில் ஒரே ஈடு இருக்க முடியாது. ‘தாமதத்துக்குக் காரணம்’ என்பது ‘ரீசன் ஃபார் த டிலே’ ஆகும், ‘காஸ் ஆஃப் த டிலே’யும் ஆகும், ‘சிக்கலுக்குத் தீர்வு’ என்றால் ‘சொல்யூஷன் டு த ப்ராப்ளம்’.

வினையிலிருந்து பெயருக்குத் தாவும்போது இன்னொரு வழுக்கல் நேர்கிறது. ‘டிஸ்கஷன் அபௌட்’ சரி. ஆனால் ‘டிஸ்கஸ்’ என்னும் வினைக்குப் பின் ‘அபௌட்’ கூடாது. விடுப்புக் கேட்கும் ‘ரிக்வெஸ்ட்’ பெயராக நின்றால் ‘ஃபார்’ வேண்டும். பண்புச்சொல்லும் இப்படித்தான்: ‘ப்ரவுட் ஆஃப்’, ஆனால் ‘ப்ரைட் இன்’.

2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தை ‘ரைட் ஃபார் இன்ஃபர்மேஷன்’ என்று எழுதிய ஒருவரையும் நான் இதுவரை கண்டதில்லை. ‘ரைட் டு’ என்பது காதில் ஒரே சொல்லாகவே விழுந்து பதிந்துவிட்டது. அதனால் என்னிடம் வருவோரை, அகராதியில் பொருளோடு நின்றுவிடாமல், அந்தப் பெயர்ச்சொல்லுக்குரிய பதிவிலேயே (அதன் வினைக்குரிய பதிவில் அல்ல) எடுத்துக்காட்டு வாக்கியம் ஒன்றைப் பார்த்து, பெயரையும் அதன் துணைச்சொல்லையும் சேர்த்தே குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளச் சொல்கிறேன்.