இரவு இரண்டு மணிக்கு முவாய் தாய்: தாராவியிலிருந்து ஒரு டாக்டர் எழுதுவது

தாராவியிலும் சயானிலும் பொது மருத்துவம் பார்க்கும் என்னிடம், பதினாறிலிருந்து முப்பது வயதுக்குள் இருக்கும் பையன்கள் நிறையப் பேர் ஒரே மாதிரியான புகாரோடு வருகிறார்கள். காலையில் தலை கனக்கிறது, கண் எரிகிறது, மதியம் வேலையில் தூக்கம் சொக்குகிறது, பயிற்சிக்குப் போனால் முன்பு போல உடம்பு ஒத்துழைப்பதில்லை. கூடவே, "ஒரு சத்து ஊசி போட்டு விடுங்க டாக்டர்" என்ற வேண்டுகோளும் வரும். ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை இருக்கிறதா என்று தேவைப்பட்டால் பரிசோதிக்கிறேன். அதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பேன்: நேற்று ராத்திரி போனைக் கீழே வைத்தபோது மணி என்ன?

பதில் பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு. என்ன பார்த்தாய் என்று கேட்டால் சிலருக்கு முகம் மலர்ந்துவிடும். தாய்லாந்தின் முவாய் தாய், பிரேசிலின் கப்போய்ரா, இந்தோனேசியாவின் சிலாட், ஜப்பானின் ஜூடோ, நம் ஊர் சிலம்பம் என்று சண்டைக் கலை வீடியோக்களை அடுக்குவார்கள். (இங்கே எழுதுவது எந்தத் தனி ஒருவருடைய கதையும் அல்ல. பலரிடம் கேட்டதைச் சேர்த்துச் சொல்கிறேன்.)

இந்த ஆர்வத்தை நான் மதிக்கிறேன். 1882இல் டோக்கியோவில் ஜிகோரோ கானோ ஜூடோவை உருவாக்கியபோது, பழைய ஜப்பானியச் சண்டைக் கலையான ஜுஜுட்சுவில் இருந்த ஆபத்தான பிடிகளைப் பயிற்சிச் சண்டையிலிருந்து விலக்கினார், அதனால்தான் இருவர் முழு பலத்தோடு மோதிப் பழக முடிகிறது என்பதையெல்லாம் பள்ளிப் படிப்பை முடிக்காத பையன்கூட விளக்கிச் சொல்கிறான். கப்போய்ரா வட்டத்தை 2014இலும் சிலாட்டை 2019இலும் யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இவை அறிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள்தான். எனக்குக் கவலை தருவது பார்க்கும் நேரம் மட்டும்.

ஏன் இரவில் என்பதையும் புரிந்துகொள்ள வேண்டும். ஒரே அறையில் ஐந்தாறு பேர் வாழும் வீடு. பகல் முழுக்கத் தோல் பட்டறையிலோ, தையல் கடையிலோ, டெலிவரி வண்டியிலோ போய்விடுகிறது. வீடு திரும்பினால் டிவி சத்தம், தம்பியின் பாடம், அம்மாவின் சமையல். எல்லோரும் தூங்கிய பிறகு காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு படுக்கும் அந்த ஒன்றிரண்டு மணி நேரம்தான் அவனுக்கென்று இருக்கும் நேரம். அந்த நேரத்தில், தன்னைவிடச் சின்ன உடம்புக்காரன் ஒருவன் பெரிய ஆளைத் தூக்கிப் போடுவதைப் பார்க்கும்போது அவனுக்குள் ஒரு தெம்பு வருகிறது. அதை வெறும் 'போன் பைத்தியம்' என்று திட்டினால் விஷயம் நமக்குப் புரியவில்லை என்று அர்த்தம். கோவண்டி, செம்பூர் பக்கத்தில் தனியறை உள்ள பிள்ளைகளிடமும் இதே பழக்கம் இருக்கிறது, ஆனால் அவர்களுக்கு வேறு நேரம் கிடைக்கும். பட்டறைப் பையனுக்கு அது இல்லை. அதனால் அவனிடம் "பார்க்காதே" என்று நான் சொல்வதே இல்லை.

சரி, இரவு வீடியோ உடம்பை என்ன செய்கிறது? பலரும் திரையின் நீல ஒளியைத்தான் குற்றம் சொல்கிறார்கள். அதில் உண்மை உண்டு. விழித்திரையில் நீல ஒளிக்கு எளிதில் தூண்டப்படும் செல்கள் இருக்கின்றன. அவை இன்னும் பகல்தான் என்று மூளைக்குச் சொல்வதால், இருட்டியதும் சுரக்க வேண்டிய, தூக்கத்துக்குத் தயார்படுத்தும் மெலடோனின் ஹார்மோன் தள்ளிப்போகிறது. ஆனால் என் அனுபவத்தில் அதைவிடப் பெரிய காரணங்கள் இரண்டு. சண்டையைப் பார்க்கும்போது நாமும் பாதி சண்டை போடுகிறோம்: தோள் இறுகுகிறது, நாடித்துடிப்பு ஏறுகிறது. வீடியோ முடிந்த உடனே இந்த உடம்பு தூக்கத்துக்கு இறங்கிவிடாது. இன்னொன்று ஆட்டோபிளே. ஒரு சண்டை மூன்று நிமிடம்தான், அடுத்தது தானாக வந்து நிற்கிறது. திரையை மஞ்சளாக்கும் வசதியைப் போட்டுவிட்டு இரண்டு மணி வரை பார்ப்பவர்களுக்கு அந்த மஞ்சள் நிறத்தால் பெரிய பயன் எதுவும் கிடையாது. போன தூக்கம் போனதுதான்.

பயிற்சி செய்பவர்கள் அடுத்துச் சொல்வதைக் கவனமாகப் படிக்க வேண்டும். வளர்ச்சி ஹார்மோன் அதிகமாகச் சுரப்பது இரவின் முதல் பகுதியில் வரும் ஆழ்ந்த தூக்கத்தில். பயிற்சியில் தேய்ந்த தசையைச் சீராக்குவதில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. மாலையில் ஆசான் சொல்லிக்கொடுத்த கால்வரிசை காலையில் கொஞ்சம் சுலபமாக வருகிறதே, அதற்குக் காரணம் தூக்கத்தில் மூளை அந்த அசைவை மறுபடி உறுதிப்படுத்திக்கொள்வதுதான். அதிகாலைத் தூக்கம் வெட்டுப்பட்டால் இந்த வேலையும் வெட்டுப்படுகிறது. முப்பது வீடியோவில் முப்பது உதையைப் பார்த்துவிட்டு ஐந்து மணி நேரம் தூங்குகிறவன், ஒரே உதையைப் பழகிவிட்டு எட்டு மணி நேரம் தூங்குகிறவனிடம் தோற்பான்.

பதின்மூன்றிலிருந்து பதினெட்டு வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016இல் பரிந்துரைத்தது. பெரியவர்களுக்குக் குறைந்தது 7. லாஸ் ஏஞ்சலஸில் பள்ளி விளையாட்டு வீரர்களை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வில், 8 மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்குக் காயம் ஏற்படும் வாய்ப்பு 1.7 மடங்காக இருந்தது. வண்டி ஓட்டுபவர்களுக்கு இன்னொன்று: தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கையும் கண்ணும், ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் இருப்பவரைப் போல மந்தமாகின்றன என்று 1997இல் நேச்சர் அறிவியல் இதழில் ஓர் ஆய்வு வந்தது. நம் நாட்டில் குடித்துவிட்டு ஓட்டுவதற்கான சட்ட வரம்பு 0.03. காலை ஆறு மணிக்கு எழுந்தவனுக்கு இரவு பதினொரு மணிக்கே 17 மணி நேரம் ஆகிவிடுகிறது. இரண்டு மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு டெலிவரி வண்டியை எடுக்கும் தம்பிகளை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது.

காயங்களும் வருகின்றன. ராத்திரி பார்த்த சுழல் உதையைக் காலையில் உடம்பைச் சூடாக்காமல் சந்தில் செய்து பார்ப்பார்கள். ஊன்றிய பாதத்தை உதையோடு சேர்த்துத் திருப்ப வேண்டும் என்பது வீடியோவில் கண்ணுக்குப் படாது. பாதம் தரையில் ஒட்டியிருக்க மேலுடம்பு மட்டும் சுழன்றால், அந்த முறுக்கு முழுவதும் முழங்காலில் இறங்கும். அங்கேயுள்ள சவ்வு கிழியலாம். தூக்கம் குறைந்த உடம்பில் இந்தத் தவறு இன்னும் சுலபமாக நடக்கும். கழுத்தை நெரிக்கும் பிடிகளை நண்பர்களுக்குள் விளையாட்டாகச் செய்து பார்ப்பதை மட்டும் எந்த நேரத்திலும் செய்யாதீர்கள். கழுத்துத் தமனி அடைபட்டால் சில நொடிகளில் நினைவு போகும்.

"லைவ் மேட்ச் ராத்திரிதானே வரும்?" என்று கேட்பவர்கள் உண்டு. கடிகாரத்தைப் பாருங்கள். அமெரிக்காவில் சனிக்கிழமை இரவு நடக்கும் யுஎஃப்சி என்ற கலப்புச் சண்டைப் போட்டிகளின் முக்கியச் சண்டைகள் நமக்கு ஞாயிறு காலையில் வருகின்றன. பாங்காக்கில் மாலை ஏழு மணி என்றால் இங்கே ஐந்தரை. ஜப்பானில் சுமோ மாலை ஆறு மணிக்கு முடியும்போது மும்பையில் மதியம் இரண்டரை. நள்ளிரவில் ஓடுவதில் பெரும்பாலானவை பழைய சண்டைகள். நாளைக்கும் அங்கேயேதான் இருக்கும்.

அதனால் நான் கேட்பது நேரத்தை மாற்றுவது மட்டும். லோக்கல் ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் அதுவே நல்ல நேரம். முன்கூட்டியே டவுன்லோடு செய்துகொண்டால் நெட்வொர்க் தொல்லையும் இல்லை. மாலையில் பயிற்சிக்குப் போகும் முன்னால் அரை மணி நேரம் பார்க்கலாம். ஒரு நாளைக்கு ஒரே அசைவைத் தேர்ந்தெடுத்து, அதை மெதுவாக ஓட்டிப் பார்த்து, அன்றே ஆசானிடம் கேட்டுச் செய்து பாருங்கள். நம் குஸ்திப் பயிற்சிக்கூடங்களான அகாடாக்களில் விடிவதற்கு முன்பே பயிற்சி தொடங்குவது வழக்கம், அதற்கேற்ப இரவில் சீக்கிரம் படுப்பார்கள். தாய்லாந்தின் முவாய் தாய் முகாம்களில் காலையும் மாலையும் பயிற்சி, நடுவில் மதிய ஓய்வு. நீங்கள் ரசிக்கும் வீரர்களின் நாளில் தூக்கத்துக்கு இப்படி ஓர் இடம் இருக்கிறது, அது திரையில் வருவதில்லை.

பழகிய இரவை ஒரே நாளில் மாற்ற முடியாது. முதலில் எழும் நேரத்தை நிலையாக்குங்கள், ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து. எழுந்ததும் வெளியே போய்ச் சூரிய வெளிச்சத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அப்புறம் இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை படுக்கும் நேரத்தைக் கால் மணி நேரம் முன்னால் கொண்டுவாருங்கள். ஆட்டோபிளேயை அணைத்துவிடுங்கள். போனை அறையின் மறுகோடியில் சார்ஜில் போடுங்கள். அலாரத்துக்கு ஒரு சாதாரண கடிகாரம் போதும். கடைசி கட்டிங் சாயை (அரை கிளாஸ் டீ) மாலை ஐந்து மணிக்குள் முடித்துக்கொள்வது நல்லது. காபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஐந்து, ஆறு மணி நேரம் ஆகும். தூக்க மாத்திரையை மருந்துக் கடையில் நீங்களாகக் கேட்டு வாங்க வேண்டாம்.

பெற்றோரிடம் ஒரு வார்த்தை. நீங்கள் பக்கத்தில் படுத்துக்கொண்டு ரீல்ஸ் பார்த்தால் மகனிடம் எதுவும் சொல்ல முடியாது. போனைப் பிடுங்குவதற்கு முன்னால், அவன் என்ன பார்க்கிறான் என்று உட்கார்ந்து பத்து நிமிடம் கேளுங்கள். அவனை மாலையில் ஒரு நல்ல சிலம்ப ஆசானிடமோ ஜூடோ வகுப்பிலோ சேர்த்துவிட முடிந்தால், உடம்பு களைத்து அவனே தூக்கத்தைத் தேடி வருவான்.

எல்லா அசதிக்கும் வீடியோ காரணம் ஆகாது. சத்தமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று திணறி எழுபவர்களுக்குத் தூக்கத்தில் மூச்சடைப்பு நோய் இருக்கலாம். கழுத்தும் உடம்பும் பருத்தவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். போனை ஒதுக்கி வைத்த பிறகும் வாரத்தில் குறைந்தது மூன்று இரவு தூக்கம் வராமல், அது மூன்று மாதம் நீடித்தால் அது தனி நோய், சிகிச்சை உண்டு. மனம் சோர்ந்து, தூங்கப் பிடிக்காமல் வீடியோவுக்குள் ஒளிந்துகொள்பவர்களும் தயங்காமல் வாருங்கள். வரும்போது ஒரு வாரத்துக்கு எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எப்போது தூங்கினீர்கள், எப்போது எழுந்தீர்கள், எத்தனை டீ குடித்தீர்கள் என்று ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள். வீட்டில் பக்கத்தில் படுப்பவர் யாராவது கூட வந்தால் இன்னும் நல்லது. உங்கள் குறட்டையைப் பற்றி அவருக்குத்தான் தெரியும்.